எபிசோட் 38: அப்பிச்சியின் கொறங்காடும் என் சிவப்பு மேப்பும்

(பேசியதை எழுத்தாக்கியது. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)

ரெண்டு வாரமா எபிசோட் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஆபீஸ்ல ரிலீஸ் இருந்தது, வேற காரணம் எதுவும் இல்லை.

இன்னிக்குப் பேசப்போற விஷயம் ரொம்ப நாளா மனசுல கிடக்கு. உலகத்துல ஒரு இடத்துல காடு இருக்கு, ஒரு இடத்துல புல்வெளி, ஒரு இடத்துல பாலைவனம். இதை எது முடிவு பண்ணுது? ஸ்கூல்ல "காலநிலை"ன்னு ஒரே வார்த்தை எழுதி ரெண்டு மார்க் வாங்கினோம். அந்தப் பதில் முக்கால்வாசி சரி. மிச்சம் இருக்கிற கால்வாசி தெரியாம நான் ஒரு தப்பு பண்ணேன். கோடா எழுதி, மேப்பா போட்டு, நாலு பேருக்கு அனுப்பியும் வச்சேன். அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு மூணு வருஷம் முன்னாடி, வாரக் கடைசியில மரம் நடுற ஒரு குழுவோட சேர்ந்திருந்தேன். பேர் வேண்டாம். நல்ல மனுஷங்க, இப்பவும் நண்பர்கள்தான். எங்க நடறதுன்னு முடிவு பண்றதுதான் அவங்களுக்குப் பெரிய தலைவலி. "நீ சாஃப்ட்வேர்தானே, ஒரு மேப் போட்டுக் குடேன்"னாங்க. சனிக்கிழமை காலையில உட்கார்ந்து சாயந்தரத்துக்குள்ள முடிச்சிட்டேன். சேட்டிலைட் டேட்டா இலவசமாக் கிடைக்குது. ஒரு இடத்துல வருஷத்துக்கு எவ்வளவு மழை, எவ்வளவு வெப்பம், இப்போ எத்தனை சதவீதம் மர நிழல், இந்த மூணு எண்ணை எடுத்தேன். மரம் வளரப் போதுமான மழை இருக்கு, ஆனா மரம் கம்மியா இருக்குன்னா அந்த இடம் சிவப்பு. சிவப்புன்னா "இங்க நடலாம்". பைத்தான்ல நாற்பது வரிகூட இல்லை. எனக்கே என் மேல பெருமை.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு அம்மா ஊருக்குப் போயிருந்தேன். காங்கேயம் பக்கம். அப்பிச்சிகிட்ட போனைக் காட்டினேன். அவருக்கு மேப் பார்க்கறது ரொம்பப் பிடிக்கும், கூகுள் மேப்ல ஊர் ஊராப் போய்ட்டு வருவார். விரலால பெருசு பண்ணிப் பண்ணிக் கடைசியில எங்க ஊருக்கு வந்துட்டார்.

"இது நம்ம கொறங்காடுதான கண்ணு? ஏன் செவப்பா இருக்குது?"

"அங்க மரம் கம்மிங்க அப்பிச்சி. மரம் நடலாம்னு அர்த்தங்க."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "நட்டுப்போட்டு மாட்டை எங்க ஓட்டறது?"ன்னார். போனைத் திருப்பிக் குடுத்துட்டு, தாழிக்குத் தண்ணி எடுத்து ஊத்தப் போயிட்டார்.

கொறங்காடு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். கரூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்கள்ல வறண்ட பக்கமாப் போனீங்கன்னா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் முள்ளு முள்ளா உயிர்வேலி இருக்கும். பெரும்பாலும் கிளுவை. அதுக்குள்ள புல். அங்கங்க குடை விரிச்ச மாதிரி வெள்வேல் மரம். இவ்வளவுதான். பார்க்கிறவங்களுக்கு யாரும் கவனிக்காம விட்ட நிலம் மாதிரி இருக்கும். உண்மையில தலைமுறை தலைமுறையாக் கணக்குப் பார்த்து நடத்துற மேய்ச்சல் நிலம் அது. ஒரு காட்டுல மேய்ச்சு முடிச்சா கொண்டியைப் போட்டுட்டு அடுத்த காட்டுக்கு ஓட்டுவாங்க. இந்தக் காட்டுல புல் திரும்ப எழும். கொழுக்கட்டைப்புல்தான் இதுல ராஜா. கோடையில புல் காஞ்சு போனா வெள்வேல் காய் உதிரும், ஆடு அதைத் தின்னு தாக்குப் பிடிக்கும். நாம பெருமையாப் பேசுற காங்கேயம் காளை இந்த நிலத்துல மேய்ஞ்சு உருவான இனம். அந்த நிலத்தைத்தான் நான் "காலி இடம்"னு கலர் அடிச்சிருந்தேன்.

சரி, என் நாற்பது வரி கோடுக்குப் பின்னாடி இருக்கிற அறிவியல் தப்பான்னு கேட்டா, இல்லை. அதுக்கு இருநூறு வருஷ வரலாறு இருக்கு. 1802-ல அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட் ஈக்வடார்ல சிம்போராசோ மலை மேல ஏறினார். உச்சி வரைக்கும் போக முடியலை. ஆனா ஏறுற வழியெல்லாம் எந்த உயரத்துல எந்தச் செடின்னு குறிச்சுக்கிட்டே போனார். அடிவாரத்துல வெப்பமண்டலக் காடு, மேல போகப் போக வேற வேற மரம், அப்புறம் மரமே இல்லாத புல், அப்புறம் பாசி, கடைசியில பனி. பூமத்திய ரேகையில இருந்து துருவத்துக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் போனா என்ன பார்ப்போமோ, அதை ஒரே மலையில பார்த்துட்டார். நமக்கு இதுக்கு ஈக்வடார் போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறி ஊட்டியில இறங்கினாப் போதும். சுமார் 300 மீட்டர்ல இருந்து 2200 மீட்டருக்கு மேல. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும்னு வச்சா, மூணு மணி நேரத்துல 12 டிகிரியைக் கடந்துடறோம். கீழே முள்ளுப் புதர், நடுவுல பாக்குத் தோப்பும் இலையுதிர் காடும், மேல ஸ்வெட்டர்.

அடுத்து கோப்பன். விளாதிமிர் கோப்பன், ரஷ்யாவுல பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரர். சின்ன வயசுல குளிரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் வெதுவெதுப்பான கிரிமியாவுக்கும் போயிட்டு வந்துகிட்டு இருந்தவர். ஜன்னலுக்கு வெளியே மரம் மாறிக்கிட்டே வர்றதைப் பார்த்தது கடைசி வரைக்கும் அவர் மனசுல இருந்திருக்கு. அவர் காலத்துல உலகத்துல பாதி இடத்துக்கு வெப்பநிலைப் பதிவே கிடையாது. அதனால செடியையே கருவியா எடுத்துக்கிட்டார். எங்க மரம் நின்னு போகுதோ அந்தக் கோட்டுல வருஷத்தோட சூடான மாசத்துல சராசரி 10 டிகிரிதான் இருக்குன்னு கவனிச்சார். 10-க்குக் கீழே போனா தூந்திரா, மேல போனா மரம். மண் உறைஞ்சு கிடக்குது, கோடை ரெண்டு மாசம்தான், அதுக்குள்ள கட்டை வளர்க்கிற அளவுக்குச் செடியால சம்பாதிக்க முடியாது. அந்தக் கோடு இன்னிக்கும் கிட்டத்தட்ட சரியாத்தான் நிக்குது.

1970-கள்ல ராபர்ட் விட்டேக்கர்னு ஒரு அமெரிக்கர் இதையெல்லாம் ஒரே படத்துல அடக்கிட்டார். கீழ்க்கோட்டுல வெப்பம், பக்கக்கோட்டுல மழை, உள்ள கட்டம் கட்டமா உயிர்மண்டலங்கள். சூடும் ஈரமும் சேர்ந்தா மழைக்காடு. சூடு, ஈரம் இல்லைன்னா பாலைவனம். குளிரும் கொஞ்சம் ஈரமும்னா டைகா, அதாவது ரஷ்யா, கனடா பக்கம் ஊசியிலைக் காடு. எங்க பாஷையில சொன்னா ரெண்டு எண்ணைக் குடுத்தா ஒரு பேரைத் திருப்பிக் குடுக்கிற ஃபங்ஷன். அழகான படம். என் கோடு அந்தப் படத்தோட பேரப்பிள்ளை.

அந்தப் படத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு சொல்றேன். லண்டன்ல வருஷத்துக்கு எவ்வளவு மழைன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க. சினிமாவுல எப்பவும் குடையோடயே திரியறாங்களே, ரெண்டாயிரம் மில்லிமீட்டர் இருக்கும்னு சொல்லுவாங்க. சுமார் 600 மில்லிமீட்டர்தான். சென்னையில அதுல ரெண்டு மடங்குக்கு மேல, 1400 பக்கம் பெய்யுது. எங்க காங்கேயம் பக்கமும் ஏறக்குறைய லண்டன் அளவுதான். பின்லாந்துல ஹெல்சிங்கியும் அதை ஒட்டித்தான் வரும். அதே 600 சொச்சம் மில்லிமீட்டர் லண்டன்ல ஓக் மரக்காட்டை வளர்க்கும், பின்லாந்துல ஊசியிலைக் காட்டை வளர்க்கும், எங்க ஊர்ல புல்லும் முள்மரமும் வளர்க்கும்.

ஏன்னா மழைங்கிறது வரவு மட்டும்தான், செலவைப் பார்க்கணும். எங்க ஊர் வெயிலும் காத்தும் ஒரு வருஷத்துல மண்ணுல இருந்து உறிஞ்சத் தயாரா இருக்கிற தண்ணி, வானம் தர்றதை விடப் பல மடங்கு. அதோட லண்டன்ல அந்த 600-ம் பன்னெண்டு மாசத்துக்கும் பிரிச்சுப் பிரிச்சு வருது. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில கொட்டிட்டுப் போயிடும். மாசாமாசம் சம்பளம் வாங்குறவனும் வருஷத்துக்கு ஒரே தடவை வெள்ளாமைக் காசு பார்க்கிறவனும் ஒரே தொகையை வாங்கினாலும் குடும்பம் நடத்துற விதம் வேற இல்லையா, அதேதான்.

இலை உதிர்க்கிறதுலயும் இந்த வித்தியாசம் இருக்கு. லண்டன் ஓக் குளிருக்கு இலையைக் கொட்டுது. முதுமலையில தேக்கு கோடையில தண்ணி இல்லாம கொட்டுது. ரெண்டும் "இலையுதிர் காடு"தான், காரணம் எதிர் எதிர். ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் கொட்டறதே இல்லை. வளர்ற காலம் ரொம்பக் குறைச்சல்ங்கிறதால ஒவ்வொரு வருஷமும் புது இலை போட்டு ஆரம்பிக்கிற செலவு அதுக்குக் கட்டுப்படியாகாது.

அப்போ மழை எங்க பெய்யும், எங்க பெய்யாதுன்னு எது முடிவு பண்ணுது? பெரிய அளவுல பார்த்தா காத்தோட சுழற்சி. 1735-ல ஜார்ஜ் ஹேட்லி இதுக்கு முதல் வடிவம் குடுத்தார். பூமத்திய ரேகைப் பக்கம் சூடான காத்து மேல எழும்புது, குளிருது, மழையாக் கொட்டுது. அமேசான், காங்கோ, இந்தோனேசியா எல்லாம் அந்த வரிசை. மழையை இறக்கிட்டுக் காஞ்ச காத்து வடக்கையும் தெற்கையும் போயி 30 டிகிரி அட்சரேகை பக்கம் கீழே இறங்குது. இறங்குற காத்து சூடாகும், மேகம் கட்ட விடாது. சஹாரா, அரேபியா, கலஹாரி, ஆஸ்திரேலியாவோட உள்பகுதி எல்லாத்தையும் உலக உருண்டையில வச்சுப் பாருங்க, அந்த 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். தார் பாலைவனமும் அந்த ஏரியாதான். வட இந்தியா முழுக்க அப்படி ஆகாம இருக்கக் காரணம் பருவமழை.

சின்ன அளவுல பார்த்தா மலை. தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடல் தண்ணியோட வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில மோதி மேல ஏறும்போது அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துடுது. வால்பாறை பக்கம் சின்னக்கல்லாறுல வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல. அங்கிருந்து காங்கேயம் நேர்கோட்டுல சுமார் 100 கிலோமீட்டர். மழையைத் தொலைச்சுட்டு இறங்குற காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா வேகமா வந்து, ஆடி மாசத்துல ஆளையே தள்ளும். தாராபுரம், உடுமலை, காங்கேயம் பக்கம் வரிசையாக் காத்தாலை நிக்கறது சும்மா இல்லை. மழை குடுக்காத காத்து கரண்ட் குடுக்குது. மண்ணுல இருக்கிற ஈரத்தையும் எடுத்துட்டுப் போகுது.

(ஐந்திணையைப் பத்தி ஏன் பேசலைன்னு கமெண்ட் வரும்னு தெரியும். அதுக்குத் தனி எபிசோடே வேணும், ரெண்டு நிமிஷத்துல தொட்டுட்டுப் போக மனசு வரலை.)

இது வரைக்கும் எல்லாம் ஃபங்ஷனுக்குள்ள அடங்குது. இனிதான் அந்தக் கால்வாசி.

அப்பிச்சி கேட்ட கேள்விக்கு அப்புறம் நான் படிக்க ஆரம்பிச்சேன். முதல்ல மாட்டினது 2005-ல வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை. வில்லியம் பாண்ட், இயன் வுட்வர்ட், கை மிட்ஜ்லி மூணு பேரும் எழுதினது. அவங்க பண்ணதை எங்க தொழில்ல இருக்கிறவங்க உடனே புரிஞ்சுக்குவாங்க. உலகம் முழுசுக்கும் செடி வளர்றதைக் கணக்குப் போடுற ஒரு கம்ப்யூட்டர் மாடல். மண், மழை, வெப்பம் எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு, தீயை மட்டும் ஆஃப் பண்ணிட்டாங்க. காட்டுத்தீயே இல்லாத உலகம். அந்த உலகத்துல அடர்ந்த காட்டோட பரப்பு 27 சதவீதத்துல இருந்து 56 சதவீதமா, ரெண்டு மடங்காப் போயிடுது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா சவானா எல்லாம் காடா மாறிடுது. அதாவது அந்த இடங்கள்ல காடு வளரக் காலநிலை தடை சொல்லலை. புல்லும் தீயும் சேர்ந்துதான் காட்டை நிறுத்தி வச்சிருக்கு.

இது எப்படி நடக்குதுன்னா, புல் மழைக்காலத்துல மளமளன்னு வளர்ந்து கோடையில காஞ்சு விறகா நிக்குது. தீ வந்தா மேல இருக்கிறது எரியும், வேர் பொழைச்சுக்கும், அடுத்த மழைக்கு எழும்பிடும். மரக்கன்னு எரிஞ்சு போயிடும். மரம் இல்லாததால வெளிச்சம் தாராளம், அதனால இன்னும் புல், அதனால இன்னும் தீ. ஒரு தடவை மரம் மூடிட்டா கதை தலைகீழ். நிழல்ல புல் வளராது, புல் இல்லைன்னா தீ பரவாது, காடு காடாவே இருக்கும். ஒரே மழை, ஒரே வெப்பம், ரெண்டு விதமான நிலம், ரெண்டுமே நிலையா நிக்கும். 2011-ல வந்த இன்னொரு ஆய்வு, சுமார் 1000-ல இருந்து 2500 மில்லிமீட்டர் வரைக்கும் மழை இருக்கிற இடங்கள்ல இப்படி ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்குன்னு சொல்லுது. அதுக்குக் கீழே போனா மரம் முழுசா மூடறதுக்குத் தண்ணியே பத்தாது. எங்க கொறங்காடு அந்தக் கீழ்ப்பக்கம். அங்க தீயோட வேலையை மாட்டு வாயும் அரிவாளும் பார்க்குது.

புல்வெளின்னா காட்டை அழிச்ச பிறகு மிச்சம் இருக்கிறதுன்னு ஒரு எண்ணம் நம்ம எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் இருந்தது. வெப்பமண்டலப் புல்லுக்கு சி4-ன்னு ஒரு ஒளிச்சேர்க்கை முறை இருக்கு, சூட்டுலயும் வெளிச்சத்துலயும் கம்மித் தண்ணியில வேலை பார்க்கிற இன்ஜின் மாதிரி. சோளம், கம்பு, கரும்பு எல்லாம் இந்த வகைதான். இந்தப் புல்வெளிகள் உலகத்துல பெரிய அளவுல பரவ ஆரம்பிச்சு 80 லட்சம் வருஷம் பக்கம் ஆச்சு. நம்ம இனம், ஹோமோ சேப்பியன்ஸ், வந்து 3 லட்சம் வருஷம்தான். நாம அழிச்சு உண்டானதுன்னு சொல்லக் கணக்கு உதைக்குது.

இதை இன்னும் கிட்டத்துல பார்க்கணும்னா நீலகிரி. முக்குருத்தி பக்கம் படத்துல பார்த்திருப்பீங்க, வழவழன்னு புல் மூடின குன்றுகள், மடிப்பு மடிப்பா இருக்கிற பள்ளங்கள்ல மட்டும் சோலைக்காடு. கத்தரிக்கோல் வச்சு வெட்டின மாதிரி எல்லை. விட்டேக்கர் படத்துல அந்த மழையையும் வெப்பத்தையும் போட்டா காடுன்னு பதில் வரும். வெள்ளைக்காரங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. இவ்வளவு மழை, மரம் இல்லை, வீணாக் கிடக்குன்னு 19-ம் நூற்றாண்டுலயே ஆஸ்திரேலியாவுல இருந்து யூகலிப்டஸும் வாட்டிலும் கொண்டு வந்து நட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் நாமளும் நிறுத்தலை. ஆலைக்கும் தோல் பதனிடறதுக்கும்னு இன்னும் நட்டோம்.

அங்க காட்டை நிறுத்தி வச்சிருந்தது பெரும்பாலும் உறைபனி. சராசரி வெப்பம்ங்கிற எண்ணுல இது தெரியவே தெரியாது. டிசம்பர், ஜனவரியில வானம் தெளிவா இருக்கிற ராத்திரி, திறந்த புல்வெளியில வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். சோலை மரத்தோட விதை புல்வெளியில முளைச்சா அந்த ஒரு ராத்திரியில கருகிடும். காட்டுக்குள்ள மேல கூரை மாதிரி இலை இருக்கறதால அவ்வளவு குளிராது, கன்னு பொழைச்சுக்கும். வருஷத்துல 350 நாள் எப்படி இருந்தா என்ன, பத்துப் பதினஞ்சு ராத்திரிதான் எல்லைக்கோடு போடுது. சராசரியை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதேன்னு ஆபீஸ்ல ஜூனியர் பசங்களுக்கு நான் வாரா வாரம் சொல்றது இதைத்தான். லேட்டன்சியில பார்த்த எனக்கு மேப்புல பார்க்கத் தெரியலை.

1993-ல ஆர். சுகுமாரும் அவரோட சேர்ந்தவங்களும் நீலகிரியில சதுப்பு மண்ணை எடுத்து அதுல இருக்கிற கார்பன் ஐசோடோப்பைப் பார்த்தாங்க. மரம் விட்டுட்டுப் போற கார்பனுக்கும் சி4 புல் விட்டுட்டுப் போறதுக்கும் சின்ன வித்தியாசம் உண்டு. சுமார் இருபதாயிரம் வருஷம் முன்னாடி, பனியுகத்தோட உச்சத்துல, அங்க புல் ஆட்சி. அப்புறம் பருவமழை பலமானப்போ மரம் பக்கம் சாயுது. திரும்பக் காயும்போது திரும்பப் புல். காலநிலை மாற மாற ரெண்டும் முன்னும் பின்னும் நகர்ந்துகிட்டே இருந்திருக்கு. எந்தக் கோடாலியும் வர்றதுக்கு முன்னாடியே அங்க புல் இருந்திருக்கு.

2020-ல அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் எழுதின கட்டுரை இந்த உறைபனிக் கணக்கை நேரடியா சோதிச்சுப் பார்த்தது. அதுல மனசைப் போட்டு அழுத்துற விஷயம், சோலைக் கன்னை நிறுத்துற அந்தப் பனி வாட்டிலை நிறுத்தலை. அது தென்கிழக்கு ஆஸ்திரேலியாக் குளிர்ல வளர்ந்த மரம். உலகம் சூடாகி உறைபனி ராத்திரி குறைஞ்சா மிச்சம் இருக்கிற காவலும் போச்சு. பழனி மலையில நாலு தசாப்தத்துல மூணுல ரெண்டு பங்கு புல்வெளி காணாம போனதா 2018-ல ஒரு சேட்டிலைட் ஆய்வு வந்திருக்கு. அங்க போச்சுன்னா வரையாடு மேய்ற இடம் போச்சு, தோடர்களோட எருமை மேய்ற மாதிரி நிலங்கள் போச்சு. மேப்புல பார்த்தா என்னவோ பச்சை கூடியிருக்கும்.

என் சிவப்பு மேப் மாதிரி ஒண்ணை உலக அளவுலயே ஒருத்தர் போட்டிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 2019 ஜூலையில சயின்ஸ் இதழ்ல பாஸ்டினும் மத்தவங்களும் எழுதின கட்டுரை, உலகத்துல இன்னும் 90 கோடி ஹெக்டேர் அளவுக்கு மர நிழலுக்கு இடம் இருக்கு, அது 205 கிகா டன் கார்பனைப் பிடிச்சு வைக்கும்னு சொன்னது. உலகம் பூரா தலைப்புச் செய்தி. நானும் அப்போ வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணேன். அதே அக்டோபர்ல வெல்ட்மேன் தலைமையில பல நாட்டு விஞ்ஞானிகள் பதில் எழுதினாங்க. சவானாவையும் புல்வெளியையும் காலி இடமாக் கணக்குல சேர்த்திருக்கீங்க, கார்பன் கணக்கு சுமார் அஞ்சு மடங்கு அதிகம்னு. புல்வெளியில கார்பன் மண்ணுக்கு அடியில, வேருல இருக்கு. மேல இருந்து பார்க்கிற சேட்டிலைட்டுக்கு அது தெரியாது. அந்த நண்பர்கள் மேல எனக்குக் கோபம் வரலை. நானும் அதைத்தானே செஞ்சேன், அவங்க அளவுக்கு உழைக்காமலேயே.

நம்ம அரசாங்கக் கணக்குலயும் இந்தப் பழக்கம் உண்டு. இந்தியாவோட தரிசு நில அட்லஸ்ல புதர் நிலமும் மேய்ச்சல் நிலமும் நிறைய வருது. குஜராத்ல பன்னி புல்வெளியில 1960-கள்ல உப்பு பரவறதைத் தடுக்கன்னு சீமைக்கருவேலத்தை நட்டாங்க. அது புல்வெளியையே விழுங்கிடுச்சு. கானமயில் இன்னிக்கு 150-க்கும் கம்மியா இருக்கறதுக்குப் புல்வெளி போனது ஒரு பெரிய காரணம்.

இப்போ நான் சொல்லத் தயங்குற பகுதி. என் மேப் வெறும் மேப்பா நிக்கலை. அப்பிச்சி கேட்கறதுக்கு முன்னாடியே அந்தக் குழு அதை வச்சு ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து நட்டுட்டாங்க. ஊர்ப் பேர் வேண்டாம். ஒரு மேய்ச்சல் புறம்போக்கு, 400 குழி, சுத்தி கம்பிவேலி. திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன், போட்டோவுல முதல் வரிசையில நிக்கறேன்.

பொங்கலுக்கு அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு, பங்குனி வெயில்ல தனியாப் போய் நடந்து எண்ணினேன். 61 கன்னு உயிரோட இருந்தது. போகட்டும், கன்னு சாகறது எல்லா இடத்துலயும் நடக்கிறதுதான். வேலிக்கு வெளியே ஒரு அம்மா பத்துப் பன்னெண்டு ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. பேச்சுக் குடுத்தேன். முன்னாடி முப்பது உருப்படி வச்சிருந்தாங்களாம். வேலி போட்டதுக்கு அப்புறம் ரோட்டோரம்தான் மேய்க்கணும், லாரிக்கு ரெண்டு போச்சு, மிச்சத்தைச் சந்தையில வித்துட்டாங்க. "யாரோ கம்ப்யூட்டர்ல பார்த்து இந்த எடம் சும்மா கெடக்குதுன்னு சொன்னாங்களாம் தம்பி"ன்னாங்க. அது நான்தான்னு சொல்ல எனக்கு அன்னிக்கு வாய் வரலை. வெயிலா இருக்கு, போயி நிழல்ல நில்லுங்கன்னு எனக்கே சொன்னாங்க.

திரும்பி வந்து குழுகிட்ட பேசினேன். ரெண்டு பேர் கோபப்பட்டாங்க, மரம் நடறதுக்கு எதிரா ஒருத்தன் பேசறானான்னு. எதிரா இல்லைங்க. ஊருக்குள்ள, ரோட்டோரத்துல, காடா இருந்து வெட்டின இடத்துல நடுங்க, நானும் குழி தோண்ட வர்றேன். மூணு கூட்டம் நடந்தது. கடைசியில பஞ்சாயத்துல பேசி, மேற்குப் பக்க வேலியை முழுசாப் பிரிச்சோம். அந்த 61 கன்னுக்கும் தனித்தனியா முள் கட்டி விட்டோம். கம்பியைச் சுருட்டும்போது கையைக் கிழிச்சுக்கிட்டேன், தழும்பு இருக்கு. அந்த அம்மாகிட்ட இந்தத் தடவை சொல்லிட்டேன். சிரிச்சாங்க. வித்த ஆட்டைப் பத்தி எதுவும் சொல்லலை. குழுவுல சிலர் சேர்ந்து ரெண்டு பெட்டைக்குட்டி வாங்கிக் குடுத்தோம், அவங்க பேரம் பேசின விலை எங்க விலையை விட நானூறு ரூபா கம்மி.

மேப்பையும் திருத்திட்டேன். இப்போ அதுல நாலாவதா ஒரு லேயர் இருக்கு, கையால வரைஞ்சது. கொறங்காடு, மேய்ச்சல் புறம்போக்கு, மந்தை, இதெல்லாம் எங்க எங்கன்னு ஊர்ப் பெரியவங்களைக் கேட்டுக் கேட்டு வரைஞ்சுகிட்டு இருக்கேன். எந்த சேட்டிலைட்லயும் கிடைக்காத டேட்டா. மெதுவாத்தான் போகுது, இதுவரைக்கும் பதினோரு ஊர்தான் முடிஞ்சிருக்கு.

போன மாசம் அப்பிச்சிகிட்ட திருத்தின மேப்பைக் காட்டினேன். கொறங்காட்டுக்கு என்ன கலர் குடுக்கறதுங்க அப்பிச்சின்னு கேட்டேன். "எந்த மாசத்துக்குக் கண்ணு?"ன்னார். ஐப்பசியில கொழுக்கட்டைப்புல் முட்டி உயரத்துக்குப் பச்சையா நிக்கும், தையில வைக்கோல் நிறம், சித்திரையில வெறும் செம்மண்ணும் வெள்வேல் நிழலும்தான். இப்போதைக்கு வைக்கோல் நிறம் குடுத்து வச்சிருக்கேன். மாசத்துக்கு மாசம் மாறுற மாதிரி பண்ணணும், பண்ணலை.

கொறங்காடு, மேய்ச்சல் புறம்போக்கு உங்க ஊர்ல இருந்தா, அதுக்கு உங்க பக்கம் என்ன பேர்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. தென் மாவட்டத்துல வேற பேர் இருக்கும்னு நினைக்கிறேன். அடுத்த எபிசோட் பழையபடி நம்ம டேட்டாபேஸ் வரிசைதான், இண்டெக்ஸ் பத்தி பாதியில விட்டிருந்தேன்.